பத்தரை மணி டீயும் நூற்று நாற்பது கடுகும்

நீங்கள் ஒன்பது பேர். போன திங்கட்கிழமை வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்தேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆனவனுக்கு இங்கே என்ன வேலை என்று காவலாளி கேட்டார். கூப்பிட்டது புதிய மேலாளர். "புதுசா வந்திருக்கிறவங்களுக்கு உங்க அனுபவத்தை ரெண்டு மூணு பக்கம் எழுதிக் குடுங்க சார். படிச்சா கொஞ்சம் தெம்பு வர்ற மாதிரி இருக்கட்டும்" என்றார். பக்கங்களுக்கு நான் பொறுப்பு. தெம்புக்கு இல்லை.

எனக்கு எதையும் எண்ணுகிற வழக்கம் உண்டு. படிக்கட்டு, மின்விசிறி, கூட்டத்தில் கொட்டாவி விடுகிறவர்கள், எல்லாவற்றையும் எண்ணுவேன். நம் ஆலையின் பரிசோதனைக் கூடத்திலிருந்து கேன்டீனுக்கு இருபத்திரண்டு அடி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மறக்கவே இல்லை.

மருந்தின் தரம் பார்க்கும் இந்தத் தொழிலில் முப்பத்தொரு வருடம் இருந்தேன். முதல் ஒன்பது வருடம் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருந்து ஆலையில். மீதி இருபத்திரண்டு வருடம் இங்கே, விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், ஒரு காலத்தில் கோப்பை சுட்ட கொட்டகையை இடித்துக் கட்டிய இந்தக் கட்டடத்தில். வலது பக்கம் மின்கம்பத்துப் பீங்கான் செய்கிறார்கள், இடது பக்கம் பொம்மை. நடுவில் நாம் மருந்து செய்கிறோம். காற்றில் வரும் களிமண் தூசியோடு முதல் மூன்று வருடம் நான் போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். அதை விடுகிறேன்.

நாம் செய்வது மூட்டுவலி, வீக்கத்துக்கான மருந்து. அது வலிக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது. வயிற்றில் இறங்கிக் கரைந்தால் உள்சுவரை அரிக்கும். அதனால் மருந்தைக் கடுகளவு உருண்டைகளாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல்பூச்சு போடுகிறோம். வயிற்றின் புளிப்பில் அந்தப் பூச்சு கரையாது. புளிப்புக் குறைந்த குடலுக்குப் போனபிறகுதான் திறக்கும். ரசீதில் அந்த உருண்டைக்கு பெல்லட் என்று பெயர். நம் ஆட்கள் வாயில் கடுகு. பூச்சுக்குப் பெயர் சட்டை. நம்மிடம் கடுகு வாங்குகிறவர்கள் அதைக் கேப்சூலில் அடைக்கிறார்கள், ஒரு கேப்சூலுக்குள் நூற்று நாற்பது. பெரிய மாத்திரையாக இருந்தால் ஒரு கீறல் விழுந்தாலே மருந்து முழுதும் வயிற்றில் கொட்டிவிடும். இதில் ஒன்றின் சட்டை கிழிந்தாலும் மற்ற நூற்று முப்பத்தொன்பதும் தாங்கும். இந்தக் கணக்கில் எனக்குக் கர்வம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

தனலட்சுமியைப் பற்றித்தான் எழுத வேண்டும். வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

அவர் சல்லடைப் பிரிவில் வேலை செய்தார். கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நிலம் சுரங்கத்துக்குப் போனபிறகு குடும்பம் டவுனுக்கு வந்தது. கணவருக்கு அப்புறம் நிலையான வேலை அமையவில்லை. படிக்கிற பெண்கள் இரண்டு பேர். நம்மிடம் வருவதற்கு முன் பதினான்கு வருடம் பக்கத்துக் கொட்டகை ஒன்றில் பீங்கான் கூழை அச்சில் ஊற்றிக்கொண்டிருந்தார். வருடம் முழுக்க ஈரத்தில் கிடந்த கை. முடக்குவாதம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு.

நம்மிடம் அவருடைய வேலை இரட்டை பொறுக்குவது. பூச்சு போடும்போது இரண்டு கடுகு ஒட்டிக்கொண்டால் அது இரட்டை. சல்லடையில் நழுவி வருவதைத் தட்டில் பரப்பிக் கையால் எடுக்க வேண்டும். ஒரு தட்டில் நான் ஏழு கண்டுபிடித்தால் அவர் பதினொன்று கண்டுபிடிப்பார். அப்படிப்பட்ட விரல்கள் காலையில் மடங்காமல் இருந்தன. பத்து மணிவரை ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருப்பார். விரல் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் வீடு நிற்கும். இது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை கையில் ஒரு மாத்திரை அட்டையோடு என் அறை வாசலில் வந்து நின்றார். அன்று நம்மிடம் சரக்கு வாங்கும் நிறுவனத்திலிருந்து மூன்று பேர் ஆய்வுக்கு வருகிற நாள். மேசையில் பத்தொன்பது கோப்புகளை அடுக்கி, இருபதாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், டாக்டர் எழுதிக் குடுத்தாரு. இது நம்ம கடுகுதானேங்க?"

வாங்கிப் பார்த்தேன். கேப்சூலின் கண்ணாடிப் பக்கத்தில் நம்முடைய கடுகுகள் தெரிந்தன. அந்த மங்கலான வெள்ளை எனக்குத் தெரியாதா.

"நம்மதுதான். பயப்படாம சாப்பிடுங்க."

"முழுங்க வரலிங்க சார். தொண்டயிலயே நிக்கிது. ரெண்டு நாளா வாந்தி எடுத்துட்டேன்."

"அப்ப பிரிச்சு, உள்ள இருக்கிற கடுகை மட்டும் கொட்டிச் சாப்பிடுங்க. பல்லுல மட்டும் படக் கூடாது. மென்னா சட்டை கிழிஞ்சிடும்."

"எதுலங்க கொட்றது?"

வாசலில் கார் வந்து நின்ற சத்தம். யாரோ மாடிப்படியில் ஓடிவந்து, "சார், அவங்க வந்துட்டாங்க" என்றார்கள். இருபதாவது கோப்பு அப்போதுதான் அகப்பட்டது.

"எதுலயாவது கொட்டிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்படிப் பிரித்துச் சாப்பிடலாமா என்று முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீரில் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை போதும். ஒரு வார்த்தைதான் நானும் சொன்னேன்.

அன்று ஆய்வு நன்றாக முடிந்தது. வந்தவர்கள் பதினேழு கேள்வி கேட்டார்கள், பதினேழுக்கும் பதில் இருந்தது.

மருந்து வேலை செய்தது. மூன்றாவது வாரத்திலேயே தனலட்சுமியின் விரல்கள் காலை எட்டரைக்கே மடங்கின. தட்டுக்குப் பதினொன்று என்பது பதின்மூன்று ஆனது. கோட்டிங் அறை சலீம் பாயோடு அவர் வாயாடுவது என் அறைவரை கேட்கும். சலீம் மங்கலம்பேட்டைக்காரர். ஷார்ஜாவில் ஒரு பிஸ்கட் ஆலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, இனி கடல் தாண்டமாட்டேன் என்று வந்து சேர்ந்தவர்.

"அக்கா, உங்க கை நல்லானதுக்கு எனக்குத்தான் பிரியாணி போடணும். அந்தக் கடுகுக்கெல்லாம் சட்ட மாட்டினது யாரு?"

"ஒன் சட்டயிலயே ரெண்டு பட்டன் இல்ல பாய். நீ கடுகுக்கு மாட்டுறியா?"

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஐந்தாவது மாதம் அவர் மறுபடி என் அறைக்கு வந்தார்.

"சார், நெஞ்சுக்குக் கீழ எரியுதுங்க. முன்ன சாதா மாத்திரை போட்டப்ப எரியுமே, அதே மாதிரி. இந்தத் தடவ கடுகு சரியா இருக்குதா?"

நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? நான் அட்டையை வாங்கி அதிலிருந்த பேட்ச் எண்ணைப் பார்த்தேன். பதிவேட்டைப் புரட்டினேன். நம்முடைய எந்தச் சரக்கு அதில் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம். கண்டுபிடித்ததும் எனக்குள் பொறி தட்டியது. அந்தச் சரக்குக்குப் பூச்சு போட்ட நாளில் மூன்று தடவை கரண்ட் போயிருந்தது. அன்று பானில், அதாவது கடுகைச் சுழற்றிப் பூச்சு போடும் அண்டாவில், நின்றவர் சலீம்.

சலீமின் வேலைமுறை எனக்குப் பிடிக்காது. பான் சுற்றும்போது கடுகுகள் எழுப்பும் சத்தத்தை வைத்து அவர் பூச்சைத் தெளிப்பார். காய்ந்திருந்தால் மணல் சத்தம், ஈரமாக இருந்தால் ஊறிய அரிசியின் சத்தம் என்பார். காதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? புதுச்சேரியில் என் முதல் தலைவர், வேலையில் சேர்ந்த அன்றே, "எண்ணாததை நம்பாதே" என்று சொல்லிக்கொடுத்தவர். அந்த ஒரு வாக்கியத்தில் முப்பது வருடம் ஓட்டியிருந்தேன்.

சலீமைக் கூப்பிட்டேன்.

"மூணு தடவ கரண்ட் போச்சே, அப்ப என்ன பண்ணுனீங்க?"

"என்ன சார், நம்ம மேல சந்தேகமா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"மேல தெளிச்ச ஈரம் காயற வரைக்கும் கையால பான சுத்தினேன். நிறுத்துனா அத்தனையும் ஒட்டி இரட்டையாப் போவும்ல."

"புக்குல எழுதலியே."

"எழுதினா நீங்க மொத்தச் சரக்கையும் தூக்கிக் கொட்டச் சொல்லுவீங்க. நல்ல சரக்கு சார் அது. சத்தம் சுத்தமா இருந்துச்சு."

அது போதும் எனக்கு. குற்றவாளி கிடைத்துவிட்டார், நிரூபிப்பதுதான் பாக்கி. அந்தச் சரக்கில் நாம் எடுத்துவைத்திருந்த மாதிரிப் பாட்டிலை இறக்கினேன். வயிற்றின் புளிப்புக்குச் சமமான நீரில் நூறு கடுகுகளைப் போட்டு, இரண்டு மணி நேரம் வைத்து, சட்டை கிழிந்து ஊதியவை எத்தனை என்று எண்ணுவது. ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் மறுபடியும். அதற்கு மறுநாளும். சலீம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போகும்போதெல்லாம் உள்ளே பார்ப்பார். அவர் சத்தம் குறைந்துபோனதைச் சல்லடைப் பிரிவில் எல்லோரும் கவனித்தார்கள்.

பதினோரு நாள். ஆறாயிரத்து அறுநூறு கடுகு. அதில் ஊதியவை ஒன்பது. அத்தனை நல்ல சரக்கை என் பணிக்காலத்திலேயே நான் பார்த்ததில்லை.

சலீமிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "சரியாத்தான் இருக்குது" என்றேன். "அல்ஹம்துலில்லா" என்று சொல்லிவிட்டுப் பானைத் துடைக்கப் போய்விட்டார். தனலட்சுமியைக் கூப்பிட்டனுப்பினேன்.

"ஆறாயிரத்து அறுநூறு எண்ணிட்டேன். கடுகுல ஒரு தப்பும் இல்ல. தைரியமா சாப்பிடுங்க."

அவர் முகம் தெளிந்தது. "நல்லதுங்க சார். பயந்துகிட்டு மூணு நாளா நிறுத்திட்டேன். வெரலு மறுபடி கட்டையாப் போச்சு. பொறுக்கவே முடியல. நீங்க சொல்லிட்டீங்கள்ல, இன்னக்கிலேர்ந்து போட்டுக்கறேன்."

மூன்று நாள் நிறுத்தியபோது எரிச்சல் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் கையில் எண் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பத்தே முக்கால் தாண்டியிருக்கும், சல்லடை அறையில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் கடுகு, நடுவில் தனலட்சுமி. டிகாக்‌ஷன் நிறத்தில் வாந்தி எடுத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. ஓடி வந்தவர்கள் கடுகில் வழுக்கினார்கள். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். கொட்டிய தட்டு எந்தச் சரக்கு என்று தோன்றியது.

சலீம்தான் அவரைத் தூக்கினார். சரக்கு வண்டியில் கிடத்தி, வாசலுக்குத் தள்ளி, வேனில் ஏற்றி, கூடவே போனார். நான் அங்கேயே நின்றேன். தண்ணீர் குடிக்கலாம் என்று பரிசோதனைக் கூடம் வழியாகக் கேன்டீனுக்கு நடந்தேன். இருபத்திரண்டு அடி.

பெண்கள் உட்காரும் மேசையில் ஒரு டம்ளர் பாதி டீயோடு இருந்தது. மூடி பக்கத்தில் கிடந்தது. ஏடு படிந்த அந்த டீயின் அடியில் ஏதோ வெள்ளையாகக் கிடந்தது. கரண்டியால் கிளறினேன். கடுகுகள். ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். கூழாக நசுங்கியது. சட்டை இல்லை.

கேன்டீன் நடத்தும் பார்வதியம்மாவிடம், "இது யாருது?" என்றேன்.

"தனத்தோட மருந்து டீங்க. இன்னக்கி பாதியிலயே வயித்தப் பெரட்டுதுன்னு வச்சுட்டுப் போச்சு."

"மருந்து டீயா?"

"தெனமும் அதானுங்களே. டீ வந்ததும் கொட்டி மூடி வச்சுடும். கால் மணி நேரம் ஊறினா ஜவ்வரிசி மாதிரி வழுக்கிக்கிட்டு எறங்கிடுதாம்."

"யார் சொல்லிக் குடுத்தது?"

பார்வதியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்கதான் எதுல வேணாலும் கொட்டிக்கன்னு சொன்னீங்களாமே சார்."

நான் பத்து மணிக்கே டீ குடித்துவிடுவேன். பத்தரை மணிக் கூட்டமும் சத்தமும் எனக்கு ஒத்துவராது. நான்கரை மாதம், ஞாயிறு தவிர தினமும், இருபத்திரண்டு அடி தூரத்தில் அது நடந்திருக்கிறது. பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? இந்தப் பேட்டையில் பாதிப்பேர் வெறும் வயிற்றோடுதான் வேலைக்கு வருவார்கள். பத்தரை மணி டீதான் அவர்களுக்குக் காலைச் சாப்பாடு. வெறும் வயிற்றில் மருந்து போடக் கூடாது என்று எல்லா டாக்டரும் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் வெறும் வயிறு, பால் சேர்ந்த டீ ஆகாரம். வலி மாத்திரைக்கு ஒரு டம்ளர் பால் காவல் என்பது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். தனலட்சுமி தன் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தார்.

என் கடுகுக்குக் கண் கிடையாது. புளிப்பு இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பால் டீயும் குடலும் அதற்கு ஒன்று. மோரில் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கும்.

அன்றே பரிசோதனைக் கூடத்தில் ஒரு டம்ளர் கேன்டீன் டீயை வைத்து, ஒரு கேப்சூலைப் பிரித்துக் கொட்டினேன். ஆறாவது நிமிடம் முதல் சட்டை திறந்தது. பதினேழாவது நிமிடத்தில் வடிகட்டிப் பார்த்தபோது முழுச் சட்டையோடு இருந்தவை நான்கு. மேசையின் அந்தப் பக்கம் நான் பதினோரு நாள் எழுதிய பதிவேடு திறந்தபடி கிடந்தது.

சாயங்காலம் சலீம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். தனலட்சுமியைக் கடலூருக்கு அனுப்பியிருந்தார்கள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவு. சலீம் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்திருந்தார். அவர் சட்டையில் கறை இருந்தது. நான் டம்ளரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"ஆறாயிரத்து அறுநூறு எண்ணினீங்களே சார். அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்கலியா?"

அப்புறம், என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும், "நானும்தான் கேக்கல" என்றார். அது அவருடைய நல்ல குணம். கேட்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

தனலட்சுமி பிழைத்தார். ஐந்து நாள் ஆஸ்பத்திரி, மூன்று பாட்டில் ரத்தம். அங்கே டாக்டரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த வகை மருந்து ரத்தத்துல கலந்த பிறகும் வயித்தைக் கெடுக்கும். பூச்சு இருந்தாலும் இப்படி ஆகலாம். டீயாலதான் ஆச்சுன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார். முதலாளி இந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். என்னையும் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நானும் முயன்று பார்த்தேன். பூச்சு முழுதாக இருந்திருந்தால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிச் சொல்ல எந்த முறையும் இல்லை. என் வாழ்க்கையில் எண்ண முடியாமல் போன பெரிய விஷயம் அதுதான்.

இனி அந்த வகை மருந்து எதையும் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு சிகிச்சை ஆரம்பித்தார்கள். அது நிதானமாகத்தான் கேட்கும் என்றார்கள். அதற்குள் விரல்கள் முன்பைவிட மோசமாக முறுக்கிக்கொண்டன. முதலாளி இரக்கப்பட்டுக் கூட்டுகிற வேலை கொடுத்தார். துடைப்பத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆறாவது நாள் அவரே நின்றுகொண்டார். பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்துப் பொம்மைக் கொட்டகையில் சேர்ந்தாள்.

மாத்திரை அட்டையை அச்சிடுவது நாம் அல்ல, நம்மிடம் கடுகு வாங்குகிறவர்கள். அவர்களுக்கு நான்கு கடிதம் எழுதினேன். தமிழில் ஒரே ஒரு வரி கேட்டேன்: பால், டீ, காபியில் போடாதீர்கள். நான்குக்கும் சேர்த்து ஒரு பதில் வந்தது. எப்படிச் சாப்பிடுவது என்று சொல்வது டாக்டரின் வேலை என்று அதில் இருந்தது. டாக்டர் ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று நான் எண்ணியிருக்கிறேன். அவர் எதைச் சொல்ல முடியும், எதை விட வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. வயிறு எரிகிறது என்று யாராவது வந்தால், பாட்டிலை இறக்குவதற்கு முன், எதில் போட்டுச் சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த டம்ளரைப் போய்ப் பாருங்கள். இதைப் படிக்கும்போது தலையாட்டுவீர்கள். வாசலில் ஆய்வுக்காரர்களின் கார் வந்து நிற்கும்போது ஞாபகம் வராது. எனக்கு என் தொழிலே ஞாபகம் வரவில்லை. சரி, கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதற்கு மீதியையும் எழுதுகிறேன்.

தனலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாவது மாதம், மூன்றாம் தடவையாக அவர் வீட்டுக்குப் போனேன். முந்தைய இரண்டு தடவையும் என் தவறைச் சொல்லியிருந்தேன். மறுபடியும் சொன்னேன். அவர் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே டம்ளரை இடுக்கிக்கொண்டு வந்து எனக்கு டீ கொடுத்தார்.

"விடுங்க சார். இதையே எத்தன தடவ சொல்லுவீங்க? மருந்து நல்ல மருந்துங்க. நாலு மாசம் கை வலியே தெரியல. டீயத்தான் கொதிக்கக் கொதிக்க ஊத்தித் தொலச்சேன். அந்தச் சூடுதான் வயித்தப் பொத்துடுச்சு."

"சூடு இல்லம்மா. பால். பால்தான் அந்தச் சட்டையைக் கரைக்குது."

"பாலு என்னங்க பண்ணும், பாவம்" என்று சிரித்தார்.

மிச்சமிருந்த கேப்சூல்களை என்ன செய்தார் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"பிரிக்காத அட்டை ஒண்ணு இருந்துச்சுங்க. வேப்பூர்ல எங்க நாத்தனாருக்கு இடுப்பு வலி, நிமிர முடியல. வீணாப் போவுதேன்னு குடுத்து வுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "பயப்படாதீங்க சார். நல்லா ஆற வச்சுக் குடின்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"எப்ப குடுத்தீங்க?"

"ஆறு நாளு இருக்கும்."

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். வேப்பூருக்குப் பஸ்ஸில் ஐம்பது நிமிடம் ஆனது. நாத்தனார் பெயர் அஞ்சலை, நெடுஞ்சாலை ஓரத்துச் சாப்பாட்டுக் கடையில் அடுப்படி வேலை. லாரிகள் நிற்கும் பக்கம் பின்வாசலில் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடி வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னேன். அண்ணியின் கம்பெனி சார் என்றதும் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார்.

"அந்த மாத்திரயா? ரொம்ப நல்லா கேக்குதுங்க. இப்பப் பாருங்க, குனியறேன்." குனிந்து காட்டினார். இடுப்பு மடிப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்தார். நான்கு கேப்சூல் மீதி இருந்தது. "அண்ணி சொன்ன மாதிரிதான். டீயில கொட்டி, ஆற வச்சு, அப்புறந்தான் குடிக்கிறேன்."

டாக்டரைக் கேட்காமல் இதைச் சாப்பிடவே கூடாது என்றேன். அட்டையைக் கொடுத்துவிடச் சொன்னேன். தரவில்லை. "டாக்டரப் பாக்க ஒரு நாளு கூலி போவுங்க" என்று அதைத் திரும்பச் செருகிக்கொண்டார். அண்ணிக்கு என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கடுகு, சட்டை, வயிறு, குடல் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சின் மேல் விரலால் வரைந்துகூடக் காட்டினேன். இருபது நிமிடம். அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. பதினான்கு தடவை தலையாட்டினார். உள்ளேயிருந்து யாரோ இரண்டு முறை கூப்பிட்டும் நகரவில்லை. முகத்தில் பயம் வந்திருந்தது. புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. கிளம்ப எழுந்தேன்.

"புரியுதுங்க சார்" என்றார். "எனக்காக இவ்ளோ தூரம் வந்து சொல்றீங்க. இனிமே டீ வேணாம். வெறும் பால்லயே போட்டுக்கறேன்."

பஸ் வருவதற்கு எட்டு நிமிடம் இருந்தது. மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.